முழங்கால் அனுமதிச் சீட்டு

ஜனவரி 6, சனி

கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து பொம்மைகளைக் கழற்றிக்கொண்டே குன்வோர் சொன்னாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. இந்த ஈஸ்டருக்கு மலைவீட்டுக்கு அவள் மட்டும் போகிறாளாம். பனி உருகும்வரை அங்கேயே இருப்பாளாம். "அதுக்கப்புறம் ஹாமாருக்குத் திரும்பி வர்றேனா இல்லையான்னு சொல்றேன், யோஸ்தைன்." பத்தொன்பது வருடத் திருமணம்.

காரணம் எனக்குத் தெரியாதா? பனிச்சறுக்கு. இந்த நாட்டில் வேறென்ன இருக்கிறது! ஞாயிறு வந்தால் போதும், ஊரே காலில் இரண்டு கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்பும். மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். என்னமோ வெட்டி முறித்த மாதிரி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்னும். நான் மேற்குக் கடலோரத் தீவுக்காரன். எங்களுக்கு வாய்த்தது மழை. ஸ்கீயில் நான் நின்றதே இல்லை. ஒரு நோர்வேக்காரன் இதை வெளியே சொல்ல முடியுமா? மானம் போய்விடும்.

அதனால்தான் முழங்கால். கல்யாணமான முதல் எட்டு வருடம் ஈஸ்டருக்கு ஏதாவது சாக்குச் சொல்லி ஓட்டினேன். பதினொரு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்தேன். இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. சரியானதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மலையில் நோயாளிகளைத் தவிர யாரும் பனி ஸ்கூட்டரில் போகக் கூடாது; அதற்காக அப்போது கிடைத்த அனுமதிச் சீட்டு இன்னும் செல்லும். ஈஸ்டர்தோறும் பக்கத்து மலைவீட்டு ஆர்ன்ஃபின் என்னைப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்குவான். சீட்டில் ‘நோயாளி மட்டும்’ என்று இருப்பதால் ஒரு ரொட்டித் துண்டைக்கூட ஏற்ற மாட்டான். சட்டம் என்றால் சட்டமாம்.

சரி. கற்றுக்கொண்டு தொலைக்கிறேன். ஈஸ்டருக்குள்.

ஜனவரி 14, ஞாயிறு

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இது தேவையா? லில்லெஹாம்மரில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான இலவச ஸ்கீ வகுப்பு. ஹாமாரில் போனால் என் கண்ணாடிக்கடைக்கு வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். எந்த நாடு என்று கேட்டார்கள். டென்மார்க் என்றேன். வாயில் உருளைக்கிழங்கை அதக்கிக்கொண்டு பேசினால் டேனிஷ். அது யாருக்கும் வரும்.

ஆசிரியை தூரித், பள்ளியில் விளையாட்டு சொல்லித்தருகிறவளாம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மேற்குக் கரை டென்மார்க்கா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அதிகப்பிரசங்கி.

பதினாலு தடவை விழுந்தேன்.

ஜனவரி 21

இன்று ஒன்பதுதான். எண்ணுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், தூ.

பிப்ரவரி 4, ஞாயிறு

மெழுகு. இந்த ஜனங்களின் மதம் அதுதான். பாதத்துக்குக் கீழே பிடிப்பு மெழுகு, முன்னும் பின்னும் வழுக்கு மெழுகு. பனியின் சூட்டைப் பார்த்து நிறத்தை மாற்ற வேண்டுமாம். பனிக்கு ஏது சூடு? எல்லாம் பம்மாத்து என்று நேற்றே வழுக்கு மெழுகை முனைக்கு முனை தேய்த்து வைத்தேன். இன்று மேட்டில் ஒரு அடி ஏறினால் இரண்டு அடி பின்னால் போனேன். எல்லோரும் மேலே போய்விட்டார்கள், நான் மட்டும் கார் நிறுத்துமிடத்தை நோக்கி முதுகு காட்டி இறங்கிக்கொண்டிருந்தேன்.

எரித்திரியாவிலிருந்து வந்த செலாம் என்ற நர்ஸ் திரும்பி வந்து ஊன்றுகோலை நீட்டி இழுத்துப் போனாள். போன மாதம்தான் முதல்முறை பனியைத் தொட்டாளாம். அதற்குள் எனக்கு உபதேசம். "பயப்படாதீங்க அண்ணே, உங்க ஊர்ல மலையே இல்லையாமே." இல்லைதான் தாயே, இல்லைதான்.

பிப்ரவரி 18

விழவில்லை. அரை மணி நேரம். மரங்களுக்கு நடுவில் சத்தமே இல்லை, ஸ்கீ மட்டும் சரசரவென்று — போதும். இதை எழுதி வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்.

மார்ச் 3

குன்வோர் இரண்டு பெட்டிகள் கட்டியாயிற்று. அவற்றைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகிறேன். ‘முழங்கால் குணமாகிவிட்டது’ என்று ஈஸ்டர் அன்று அவள் முன்னால் போய் நிற்பேன். அப்போது என்ன சொல்வாள், பார்க்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஹாமார் பக்கம் இன்று பந்தயமாம், தடங்களை மூடியிருக்கிறார்கள். அதனால் அவள் லில்லெஹாம்மருக்கு வந்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மேலிருந்து "தடம்!" என்று குரல். இறங்குகிறவருக்கு ஏறுகிறவர் வழிவிட வேண்டும். எல்லோரும் விலகினார்கள். நான் விலகப்போய்த் தடத்தின் குறுக்கே விழுந்தேன். வந்தவள் பனியைச் சீவிக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். குன்வோர்.

எழுந்து நின்றேன். எழுந்த வேகம்தான் தப்பு. செலாம் வேறு பெருமையாகச் சொன்னாள், "இவரு டென்மார்க்காரரு. ரெண்டே மாசத்துல கத்துக்கிட்டாரு. கால் ரெண்டும் இரும்பு."

குன்வோர் என் முழங்காலைப் பார்த்தாள். போய்விட்டாள்.

மார்ச் 11

சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள். ஸ்கீ தெரியாது என்று சொல்லப் பயந்துதான் மறைத்தேன் என்றேன். உனக்குப் பிடிக்கும் என்றுதான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"உனக்கு ஸ்கீ வந்தா என்ன, வராட்டி எனக்கென்ன? பதினோரு ஈஸ்டர், யோஸ்தைன். விறகு, எண்ணெய், சாப்பாடு, உன் புத்தகம், உன் தலையணை. சறுக்குவண்டியை இடுப்புல கட்டி எட்டு கிலோமீட்டர் நான்தான் இழுத்தேன். போன வருஷம் பாதி வழியில உக்காந்து அழுதேன். நீ கம்பளியைப் போத்திக்கிட்டு ஸ்கூட்டர்ல என்னைத் தாண்டிப் போனே. கை வேற ஆட்டினே."

ஆட்டினேன். நினைவிருக்கிறது. அவள் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் என்ன ஜென்மம்? சீ.

மார்ச் 12

அனுமதிச் சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ‘குணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது’ என்று எழுதினேன். அபராதம் வந்தால் வரட்டும்.

மார்ச் 23, சனி

போய்விட்டாள். சறுக்குவண்டியைக் கட்டித்தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 6, சனி

விறகு, உருளைக்கிழங்கு, காபி. மலைவீடுவரை நானே இழுத்தேன், எட்டு கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். இடுப்பில் வார் அறுத்த இடம் எரிகிறது. ஒரு கிழவன் என்னைத் தாண்டிப் போகும்போது உற்சாகமாகக் கையை ஆட்டினான். அவனைக் கொல்லலாம் போல இருந்தது.

வாசலில் சாமானை வாங்கிக்கொண்டாள். நன்றி என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 13

நாலே முக்கால் மணி நேரம். நன்றி. கதவு.

ஏப்ரல் 20, சனி

பனி இளகிவிட்டது. மெழுகை மூன்று தடவை மாற்றினேன். ஆமாம், பனிக்குச் சூடு உண்டு.

விறகை இறக்கிவிட்டுத் திரும்பினேன். "கட்டையைக் கழட்டிட்டு உள்ள வா, சூப் இருக்கு" என்றாள். மேசையருகே உட்கார்ந்தேன். மலைக்கு இந்த முறை அவள் ஒரே ஒரு தட்டுதான் எடுத்துப்போயிருக்கிறாள். தான் சாப்பிட்டு முடித்து, அதைக் கழுவி, எனக்கு ஊற்றினாள். ஆட்டிறைச்சி சூப், உப்பு கொஞ்சம் தூக்கல்.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று எழுந்தேன். வாசல்வரை வந்தாள்.

"அடுத்த வாரம் வர்றப்போ இன்னொரு தட்டு எடுத்துட்டு வா."