குடத்தை மூடியிருக்கும் டைல்ஸ்

புனே

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்வப்னா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். சுரங்கத்து வெடிச் சத்தத்தில் போன காதுக்குப் போனில் கத்திப் பயனில்லை என்றுதான் எழுதுகிறேன்.

முகம் பார்த்துப் பேசலாமென்று ஷாப்பிங் ஆப்பில் தேடித் தேடி உங்களுக்கு ஒரு டச் போன் அனுப்பினேன். "வந்துச்சும்மா, நல்லா கீது" என்றீர்கள். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா நேற்றுதான் உண்மையைச் சொன்னார். பெட்டிக்குள் இருந்தது ஒரு டைல்ஸ் துண்டு. அதைத் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்திருக்கிறீர்களாம்.

பெட்டியைப் பிரிக்காமல், உங்கள் பட்டன் போனுக்கு வந்த ஓடிபியை டெலிவரிக்காரனிடம் ஏன் சொன்னீர்கள்? "நம்பர் கேட்டான், சொன்னேன். இதுல இன்னா கீது?" என்றீர்களாமே. சுரங்க ஷாஃப்ட்டில் டோக்கன் நம்பர் சொல்லிப் பழகிய வாய். அங்கே கேட்டவர், ஷிஃப்ட் முடிந்து நீங்கள் மேலே வந்தீர்களா என்று பார்ப்பதற்காகக் கேட்டார். இவன் அதற்கா கேட்டான்? நம்பர் சொன்னதால் பொருள் சரியாகக் கிடைத்துவிட்டது என்று கம்பெனிக்காரன் சாதிக்கிறான். மூன்று முறை சண்டை போட்டேன், விடப் போவதில்லை. ஆனால் என்னிடமே மறைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டைல்ஸைத் துடைத்து அதே பெட்டியில் வையுங்கள். கம்பெனிக்குக் காட்ட, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பும்படி அக்காவிடம் சொல்லுங்கள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நில்லுங்கள், முகம் தெரியும்படி. கம்பெனிக்காரன் முகம் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது.

ஸ்வப்னா