வாழைநாரில் கட்டிய லெட்டூஸ்

அன்புள்ள என் வூட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் சுகம். பெங்களூர்ல உங்க ஓட்டல் சமையலுக்குன்னு நீங்க குடுத்தனுப்பின லெட்டூஸ் கீரை விதையைத் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் போட்டேன். நல்லா மொளைச்சுது. "நடுவுல கோசு மாதிரி இலை மூடினதும் தகவல் சொல்லு, நானே வந்து பறிச்சுக்கிறேன்"னு எழுதியிருந்தீங்க.

கிறிஸ்துமஸ் போச்சு, பொங்கலும் போச்சு, அது மூடவே இல்லைங்க. எனக்குப் பொறுக்கல. நம்ம பக்கம் காலிஃபிளவருக்கு இலையைக் கூட்டிக் கட்டறாங்களே, அதே மாதிரி ஒவ்வொண்ணையும் வாழைநாரால இறுக்கிக் கட்டிட்டேன். போன வாரம் அவுத்துப் பார்த்தா உள்ள எல்லாம் அழுகிக் கொழகொழன்னு நாறுது. "அப்பா இனிமே வரமாட்டாராம்மா?"ன்னு பாப்பா கேட்டா. முதுகுல ஒண்ணு வெச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

பெங்களூர் போய்வந்த ரோசம்மா அக்கா உங்களை மார்க்கெட்ல பார்த்தாங்களாம். பக்கத்துல ஒரு பொண்ணு உங்க பையைப் புடிச்சுக்கிட்டு நின்னாளாம். யாருன்னு நான் கேக்கல.

கல்லுக்குப் பின்னால ஒரு செடி என் கண்ணுல படாம தப்பிச்சிருக்குங்க. கட்டாம விட்ட அது மட்டும் தானா மூடியிருக்கு, தொட்டா வெண்ணெ மாதிரி மெத்துனு இருக்கு. வெயில் ஏறிடுச்சு. பூத்தண்டு கெளம்பினா கசந்துபோகும். அதுக்குள்ள வாங்க.

தனியா வர முடியலன்னா அந்தப் பொண்ணையும் கூட்டிட்டே வாங்க. நாலு பேருக்கும் சேர்த்தே உலை வெக்கறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்க வூட்லயே இருக்கிறவ