தாய்மானின் கடைசிக் கவளம்

அன்பு ஹலினா,

உன் முதுகுவலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா? நான் நன்றாகவே இருக்கிறேன். மலையில் பனி முழங்கால்வரை ஏறிவிட்டது.

இங்கே வேட்டைக்காரர்களுக்குள் சின்னச் சண்டை. நட்ட மரக்கன்றுகளை மான்கள் தின்று தீர்ப்பதால் மந்தையைக் குறைக்க உத்தரவு.

"குட்டியச் சுட்ட பெறகுதான் தாயத் தொடணும். தாயில்லாட்டி அது பனியில தவிச்சே சாகும்" என்றார் கிழவர் வித்தோல்ட்.

"மானுக்கு வக்காலத்து வாங்காதீங்க பெருசு. சுட்ட கணக்கு கொறஞ்சா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்ற ப்ரோனெக், தாயைச் சுட்டுவிட்டான்.

வேட்டை வழக்கப்படி தொப்பியைக் கழற்றிவிட்டு, செத்த மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பைன் கொப்பை வைத்தோம். மரங்களுக்குள்ளிருந்து குட்டி வந்தது. தாயின் வாயிலிருந்து அந்தக் கொப்பை இழுத்துத் தின்றது. ஒருவரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை, ப்ரோனெக் கூட.

பிறகு தினமும் பொழுது சாய்கையில் குட்டி என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. "தவிக்க விடாத தம்பி, காட்டுக் காவக்காரன் நீதான் முடிக்கணும்" என்றார் வித்தோல்ட். நேற்றுக் காலை முடித்துவிட்டேன். கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை அனுப்பு. தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்றும் வேண்டும் ஹலினா. நேற்றுச் சாயங்காலம் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

உன் ஸ்டாஷெக்