சிவப்பு மை வைத்த விரல்

ஆஷ்லி அப்பாவுக்கு, குவைத்திலிருந்து பவுலின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பாப்பா ஆஷ்லி சரியாகச் சாப்பிடுகிறாளா?

போனில் பேசும்போது நான் வேலை செய்கிற வீட்டு மேடம் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால், ஊருக்கு வரும் இந்த வீட்டு டிரைவர் ஜெரோம் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

"போலியோ சொட்டு போட்டாச்சு, பாப்பா விரலைப் பாரு" என்று போட்டோ அனுப்பினீர்களே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொட்டு போடுகிறவர்கள் சிவப்பு மையா வைப்பார்கள்? அது காந்தி மார்க்கெட்டில் நீங்கள் வெங்காய மூட்டைக்குக் குறி போடுகிற மை. உங்கள் சட்டையில் அதைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தவள் நான்.

கோபம் இல்லைங்க. சொட்டு போட்ட அதே வாரம் நம் பையன் ஆசீர் காய்ச்சலில் இறந்து போனான். உங்களுக்குப் பயம். எனக்கும் இல்லையா? ஆனால் அது டெங்கு என்று டாக்டர் சொன்னாரே. சொட்டே போடாத மேல்வீட்டு அக்காவுக்கும் அதே காய்ச்சல்தானே வந்தது.

முடிந்தால் நானே வந்து ஆஷ்லியைச் சொட்டு போடத் தூக்கிக்கொண்டு போவேன். பாஸ்போர்ட் மேடம் பீரோவில் இருக்கிறது. வாசல் சாவியும் அவர்களிடம்தான்.

அண்ணன் திரும்பும்போது தலைவலித் தைலமும் ஆசீர் சட்டை ஒன்றும் கொடுத்து விடுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார்கள். புதன்கிழமை பாலக்கரை ஆஸ்பத்திரியில் சொட்டு போடுகிற நர்ஸம்மா இருப்பார்கள், பாப்பாவைக் கூட்டிப் போங்கள். இந்தத் தடவை விரலைப் போட்டோ எடுக்க வேண்டாம். அவள் சொட்டுக்கு வாயைத் திறக்கும்போது எடுங்கள்.

பவுலின்