அறுபத்தைந்து மடங்கு பிறை

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்சல் காலையில் வந்து இறங்கினான். என் மனைவி ஆசியாவின் தம்பி, குவைத்தில் வேலை. சூட்கேஸைக்கூடத் திறக்கவில்லை, தோள்பையிலிருந்து ஒரு காமிராவை எடுத்து என் மடியில் வைத்தான்.

"அறுபத்தஞ்சு எக்ஸ் ஜூம் மச்சான். லென்ஸ் மாத்துற சோலியே இல்ல. இங்கன உக்காந்துக்கிட்டே மேகமலையில மேயிற மாட்டுக்கு எத்தன கொம்புன்னு எண்ணலாம்."

மாட்டுக்கு இரண்டு கொம்புதான். அதை எண்ண எதுக்கு ஒரு காமிரா?

என் டிஎஸ்எல்ஆருக்குப் பதினான்கு வயது. பிடியில் ரப்பர் உரிந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். முந்நூறு எம்.எம். லென்ஸையும் மாட்டித் தூக்கினால் சாயங்காலம் தோள்பட்டை வலிக்கிறது. அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அடுத்தவன் வந்து சொன்னால் எரிச்சலாக வருகிறது.

"ஒங்க பழசையும் ரெண்டு லென்ஸையும் எனக்குக் குடுங்க, இத நீங்க வச்சுக்கங்க" என்கிறான். அவன் மகளுக்கு நான்கு மாதம். பின்னால் எல்லாம் மங்கி முகம் மட்டும் துல்லியமாக விழும் படம் வேண்டுமாம். இதில் அது வரவில்லையாம். பெருநாள் முடிந்து கிளம்புவதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சொல்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 10, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. மொட்டைமாடிக்குப் போய் இரண்டு காமிராவிலும் தண்ணீர் டேங்கில் எழுதியிருப்பதை எடுத்தேன். அவனுடையதில் பெயிண்டர் கையெழுத்து போட்டிருப்பதுகூடத் தெரிகிறது. என்னுடையதில் டேங்க் தெரிகிறது.

சரி, தூரத்தில் அது ஜெயித்தது. ஆனால் அதன் பார்வைத் துளைக்குள் இருப்பது ஒரு குட்டி டிவி. காமிராவை நகர்த்தினால் படம் அரை நொடி தாமதித்து நகர்கிறது. என் பழசில் கண்ணாடியில் பட்டு வெளிச்சமே நேராகக் கண்ணுக்கு வருகிறது. இருபது வருடமாக உத்தமபாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான். எனக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

அப்சலிடம் சொன்னேன். "படம்தான மச்சான் முக்கியம்?" என்றான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மார்க்கையன்கோட்டை வயலில் அறுப்பு. அரிவாள்மூக்கன்கள் வரிசையாக நின்றன. இரண்டிலும் எடுத்தேன்.

அவனுடையதில் பறவை படம் முழுக்க நிற்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டு உற்றுப் பார்த்தால் இறகெல்லாம் ஒன்றோடொன்று அப்பி, சுண்ணாம்பு அடித்த மாதிரி. என்னுடையதில் பறவை கட்டைவிரல் அளவு, ஆனால் இறகு இறகாக இருக்கிறது. ஆசியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பெருசா இருக்கிறதுதாங்க நல்லாருக்கு."

"இறகப் பாரு."

"இறக வச்சு என்ன பண்ணப்போறீக?"

சாப்பிடாமல் படுத்தேன். பிறகு எழுந்து சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

ரமலான் பிறை பார்க்கப் பள்ளிவாசல் மாடிக்குப் போனோம். எங்கே தெரியும்? மேற்கே முழுக்க மலை. கேரளாக்காரனுக்குச் சூரியன் இருக்கும்போதே நமக்கு இருட்டிவிடும். மெல்லிசான பிறை மலைக்குப் பின்னாலேயே இறங்கிவிடும். ஏழு மணிக்கு மேல் வெளியூரிலிருந்து போன் வந்தது, நாளை முதல் நோன்பு என்று.

மரக்கடை சேக் பரீத் மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். "நம்ம ஊர்ல பிறையக் கண்ட ஆம்பள எவன்? அடுத்த ஊர்க்காரன் சொல்லி நோம்பு, அடுத்த ஊர்க்காரன் சொல்லிப் பெருநா. நமக்குக் கண்ணு எதுக்கு?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

பிப்ரவரி 19, வியாழன்

அறுபத்தைந்து மடங்கு. சும்மாவா?

மார்ச் 1, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. ஓடைப்பட்டியில் ஒச்சாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கரடு. ஒச்சாண்டி என்னிடம் கண்ணாடி போட்டவர், இப்போது கூட்டாளி. அங்கிருந்து மேற்கு மலை ரொம்பத் தள்ளி, தாழ்ந்து தெரிகிறது. சூரியன் இறங்கின பிறகும் வானத்தில் நல்ல இடைவெளி.

நோன்போடு ஏறியதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒச்சாண்டி அவர் தண்ணீர்ப் பாட்டிலை என் கண்ணில் படாமல் ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தார். அப்சலின் காமிராவைக் கொடுத்ததும் கிளி கொத்துகிற திராட்சைப் பந்தலைத் தேடிப் பார்த்தார்.

"ஏ அப்பா! இது காமிராவா பீரங்கியா? களவாணிப்பய கிளி மூஞ்சியே தெரியுது பாய்."

என் பழையதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அப்சல் மறுபடி கேட்டான். பிறை முடியட்டும் என்றேன். "பிறைக்கும் காமிராவுக்கும் என்ன மச்சான்?" என்றான். எனக்கே தெரியவில்லை. வேலையில் மனசு ஒட்டவில்லை. இன்று ஒருவருக்கு வலது கண் பவரை இடது பக்கம் எழுதிவிட்டேன், நல்லவேளை அவரே பார்த்துச் சொன்னார்.

மார்ச் 18, புதன்

நாளை இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். கணக்குப்படி நாளைக்குத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மிகக் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? கொஞ்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மார்ச் 19, வியாழன். இரவு எட்டு

பார்த்தாச்சு! எழுத்து கோணுகிறது, போகட்டும்.

நானும் அப்சலும் ஒச்சாண்டியும் கரட்டின்மேல். பழையதை ஸ்டாண்டில் வைத்து மேற்கே திருப்பி, இடைவிடாமல் எடுக்கும்படி விட்டிருந்தேன். அதன் துளையில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்சலுடையதைக் கையில் எடுத்து, முழுக்க இழுத்து, மலை விளிம்போடு துழாவினேன். ஆறு முப்பத்தெட்டு. திரையில் ஒரு நூல். வெள்ளி நூல், லேசாக வளைந்து, இரண்டு முனையும் மேலே பார்த்து!

"அப்சலு, பாரு, பாரு."

"ஆமா மச்சான்! அல்லாஹு அக்பர்!"

மூன்று கிளிக். அதற்குள் மலைக்குள் போய்விட்டது. ஒச்சாண்டி நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கு ஒண்ணும் தட்டுப்படலயே பாய்." வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியும் என்றேன். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பைக்கை முடுக்கினோம்.

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத், கண்ணால் கண்ட சாட்சிதான் செல்லும் என்பதால், நேராகக் கேட்டார். "காமிராவுலயா பாத்தீக? கண்ணாலயா?"

"கண்ணால பாத்தேன் ஹஜ்ரத்."

அப்சலும் ஆமா என்றான். ஒன்பது நாளாக இஃதிகாஃபில், பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல் இருந்த சேக் பரீத் மாமா திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணு டாக்டரே சொல்லும்போது இன்னும் என்ன ஹஜ்ரத் யோசனை?" என்றார். நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. மைக்கில் அறிவித்துவிட்டார்கள். இஃதிகாஃப் முடிந்தது என்று மாமா பாயைச் சுருட்டி, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். "ஆம்பளடா நீ."

தெருவே கலகலவென்று இருக்கிறது. ஆசியா மாவு பிசைகிறாள். "படத்தக் காட்டுங்க" என்றாள். கம்ப்யூட்டரில் போடப்போகிறேன்.

அதே நாள், ஒன்பதரை

அது பிறை இல்லை.

முதல் படத்தில் நூல். இரண்டாவதில் நூல் கொஞ்சம் நீண்டிருக்கிறது. பிறை நீளுமா? மூன்றாவதில் அதன் நுனியில் ஒரு புள்ளி. பழையதன் படங்களைத் திறந்தேன். அகலமான வானம், கீழே மலை, அதே ஆறு முப்பத்தெட்டு. ஓரத்தில் இத்துனூண்டு கோடு. பெரிதாக்கினால் விமானம். கொச்சிப் பக்கம் போகிற விமானம் விட்ட புகை. மலைக்குப் பின்னால் போன சூரியன் அதன்மேல் அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவு கிட்டப் போனதில் பக்கத்தில் விமானம் பறந்ததே தெரியவில்லை. சரி, தெரியவில்லை என்று விட்டுவிடலாமா? கண்ணாலயா என்று அந்த மனுஷன் கேட்டாரே. எதுக்குக் கேட்டார்? நான் பார்த்தது டிவி. குட்டி டிவி, குட்டி டிவி என்று ஒரு மாசமா நான்தானே குறை சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அப்ப எங்கடா போச்சு அந்த வாய்? ஊர் மெச்சணும், மாமா கன்னத்தத் தட்டணும், அதுக்கு ஒரு பொய். நோன்பு வச்சுக்கிட்டு, பள்ளிவாசல்ல நின்னு.

நாளைக்கு ஊரே நோன்பை விட்டுவிடும். அத்தனையும் என் கழுத்தில்.

அப்சலிடம் காட்டினேன். படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். "சும்மா இருங்க மச்சான். நீங்களும் நானும் வாயத் தொறக்காட்டி யாருக்குத் தெரியும்?"

ஆசியா மாவுக் கையோடு வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "செருப்ப மாட்டுங்க" என்றாள்.

போகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

முப்பதாவது நோன்பு.

நேற்று ராத்திரி ஹஜ்ரத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கண்ணாலயான்னு கேட்டுட்டுத்தான நான் மைக்கப் போட்டேன்" என்றார், அவ்வளவுதான். மோதினாரைக் கூப்பிட்டு மைக்கைப் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். "சொன்ன வாயே சொல்லட்டும்."

என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. "நான் மூக்குக்கண்ணாடிக் கடை ராஜா முகம்மது பேசுறேன்" என்று ஆரம்பித்தேன். "நான் கண்ணால பாக்கல. காமிரா டிவியில பாத்தேன். அது பிறையும் இல்ல, பிளேன் போன புகை. பொய் சொல்லிட்டேன். நாளைக்கி நோம்பு வைங்க, என்னைய மன்னிச்சிருங்க." இதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். ஏழு தெருவுக்கும் கேட்கிற மைக்.

வெளியே வந்தேன். சேக் பரீத் மாமா சுருட்டின பாயும் தலையணையுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒன்பது நாள் காத்ததை என்னை நம்பி முறித்துவிட்டு வருகிறார். என்னைப் பார்த்தார். உள்ளே போனார். அந்த முகம் ராத்திரி பூராவும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

இன்று சாயங்காலம் தெருவில் நின்றே எல்லாருக்கும் பிறை தெரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நான் உள்ளேயே இருந்தேன்.

மார்ச் 21, சனி

பெருநாள். கடைசி வரிசையில் நின்று தொழுதேன். நழுவப் பார்த்தபோது ஒரு கை சட்டையைப் பிடித்தது, சேக் பரீத் மாமா. மூன்று தடவை கட்டிப்பிடித்துவிட்டு, காதருகே, "ஏலே, அந்தப் பிளேன் போட்டோவ எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். மத்தியானத்துக்குள் அது எங்கெங்கோ சுற்றி என் போனுக்கே நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. கீழே "கம்பம் பள்ளத்தாக்கின் புதிய பிறை" என்று எழுதி.

அது மாமா வேலையா?

மார்ச் 24, செவ்வாய்

அப்சல் கிளம்பினான். அன்று இரவு சும்மா இருங்க என்று சொன்னதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் பழையதை அவன் மகளுக்காகக் கொடுத்துவிட்டேன், லென்ஸ் இரண்டும் சேர்த்து. அவனுடையதை நான் வைத்துக்கொள்ளவில்லை. "கோவமா மச்சான்?" என்றான். காமிராமேல் என்ன கோபம்? அது விமானப் புகையைத்தான் காட்டியது. பிறை என்று பேர் வைத்தது நான். அப்சலின் காமிராவை ஒச்சாண்டிக்குக் கொடுத்துவிட்டோம், தோட்டத்துக் கிளியைப் பார்க்கட்டும் என்று.

அலமாரியில் காமிரா இருந்த இடம் காலியாக இருக்கிறது. நாலு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

டீக்கடையில் ஒருவன் என்னைப் "பிறை பாய்" என்றான். கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்த ஊரில் பட்டப்பேர் விழுந்தால் மையத்துக் கொல்லையில் புதைக்கிற வரைக்கும் வரும். கடையைக் கம்பத்துக்கு மாற்றிவிடலாமா என்று ஆசியாவிடம் கேட்டேன்.

"அங்கன மட்டும் போன் இல்லையாக்கும்?" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு நாளாகக் கடைப்பக்கம் ஆளே குறைவு. பொய்யன் கடை என்று ஒதுங்குகிறார்களோ? பொய் சொன்னவன் கையால் கண்ணாடி வாங்குவானேன் என்று நானே நினைப்பேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மத்தியானம் ஒரு அம்மா வந்தார்கள், சுருளியம்மாள், வருசநாட்டுப் பக்கம். பஸ் மாறி மாறி வந்த களைப்பு, வாசல்படியிலேயே நின்றார்கள்.

"பிறை பாய் கட எதுப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. எதுக்கு என்று கேட்டேன், குரல் கொஞ்சம் காட்டமாகத்தான் வந்தது.

"கண்ணு எரியுதுப்பா. மூணு கடையில பாத்துட்டேன். மூணு கடையிலயும் கண்ணாடி போட்டே ஆகணும்னு சொல்றாக. எங்கூர்ல மரம் வாங்க வந்த பாய் ஒருத்தரு சொன்னாரு, உத்தமபாளையத்துல பிறை பாய்னு ஒரு ஆளு இருக்காரு, இல்லாதத இருக்குன்னு இனி ஆயுசுக்கும் சொல்லமாட்டாரு, அவருகிட்டப் போன்னு."

மரக்கடைக்கு மரம் வாங்க வருசநாட்டுக்குப் போகிற பாய் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான்.

"நான்தாம்மா பிறை பாய்" என்றேன். "உள்ள வாங்க, உக்காருங்க."