பதினோரு வீட்டுச் சாலை

டுலூத்
3 ஆகஸ்ட் 2006

ரெய்னோவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று பத்து வருடமாக நானே நினைத்துக்கொள்கிறேன். நீ சொன்னால்தானே தெரியும்!

நேற்று உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போனது. மரம் தூக்கும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்து உன் இடது கால் போனதற்காக, வழக்கை முடித்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மாதாமாதம் தருவதாக அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டதே, அந்தப் பணத்தில் இன்னும் பத்து வருடம் பாக்கி இருக்கிறது. அது முழுவதையும் ஒரு நிதிக் கம்பெனிக்கு விற்று, மொத்தமாகப் பணம் வாங்கப் போகிறாயாம். நடுவில் நீ போய்ச் சேர்ந்தால் மீதி 'மனைவி லெம்பிக்கு' என்று பத்திரத்தில் இருப்பதால், நானும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

விவாகரத்தாகிப் பத்து வருடம் கழித்தும் என் பெயர் அங்கே என்ன செய்கிறது? அது போகட்டும், நூறு டாலருக்கு முப்பத்தெட்டு டாலர் விலை! ஆஸ்பத்திரி பில் பிரிவில் எத்தனையோ கொள்ளையைப் பார்த்துவிட்டேன், இது பட்டப்பகல் கொள்ளை. குடிக்கவா? கடனா? யாராவது பெண்ணா? எதுவானாலும் உண்மையை எழுது. அதுவரை கையெழுத்துக் கிடையாது.

லெம்பி

---

கைவோலா
14 ஆகஸ்ட்

அன்புள்ள லெம்பி,

பெயரை மாற்ற ஒரு தாள் நிரப்ப வேண்டும். நிரப்பவில்லை. அவ்வளவுதான்.

குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. பெண் யாரும் இல்லை. இந்த ஊரில் மிச்சமிருக்கும் பெண்களை உனக்கே தெரியும். நான் வாங்கப் போவது ஒரு பனி தள்ளும் லாரி.

போன ஜனவரியில் பக்கத்து வீட்டுத் தௌனோவுக்கு நெஞ்சு வலி வந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று மாவட்டக்காரர்கள் நம் சாலைக்குப் பனி தள்ள வருவதை அதற்கு முந்தைய வருடமே நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. அவன் பெண்டாட்டி ஹில்யாவும் மகனும் அவனைச் சறுக்குவண்டியில் வைத்து இரண்டு மைல் இழுத்தார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. இழுத்துக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

கிளட்ச் இல்லாத பழைய லாரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓட்ட வலது கால் போதும். என்னிடம் இருப்பதும் அதுதான். லாரி இருந்தால் பனிக்காலத்துக்கு ஒப்பந்தம் தருவதாக ஊராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடு லெம்பி.

ரெய்னோ

---

டுலூத்
20 ஆகஸ்ட்

ரெய்னோ,

தௌனோவுக்காக அழுதேன். நம் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவன்.

சரி, இப்போது நான் சொல்வதைக் கேள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். உன்னிடம் இருப்பதே ஒரு கால். எதற்குப் பத்து வருடத்தையும் விற்கிறாய்? லாரிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் விற்கலாம். என் அலுவலக வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அவர் ஒரே ஒரு கம்பெனிகிட்ட கேட்டிருப்பாரு. முதல்ல வர்றவன் அடிமாட்டு விலைதான் கேப்பான். மூணு பேர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, ஒருத்தன் சொன்ன விலையை இன்னொருத்தன்கிட்ட காட்டச் சொல்லுங்க"ன்னு சிரிக்கிறாள். அப்படியே செய். உனக்குப் பேச வராது, தெரியும். அப்படியானால் எழுதிக் கேள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு பத்து வருடம் நான் பேசினேன், நீ சுவரைப் பார்த்தாய். உன் கால் போனதற்காக நான் உன்னை விட்டுப் போகவில்லை. நீ அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மாட்டாய் என்று தோன்றியதால்தான் போனேன்.

லெம்பி

---

கைவோலா
9 அக்டோபர்

அன்புள்ள லெம்பி,

நீ சொன்னபடி மூன்று பேரிடம் கேட்டேன். முதல் கம்பெனிக்காரன் தினமும் போன் செய்து, "சார், இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த விலை"ன்னு சொன்னான். மூன்று வாரமாகத் தினமும் அதே ராத்திரி. கடைசியில் மூன்றாமவன் நூற்றுக்கு அறுபத்தாறு தந்தான். நான்கு வருடம் மட்டும் விற்கிறேன். மீதி ஆறு வருடம் அப்படியே இருக்கிறது. உன் கையெழுத்து வந்து சேர்ந்தது, நன்றி.

போன வெள்ளிக்கிழமை விசாரணை. ஜட்ஜ் அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும், நமக்கு மகள் இருந்திருந்தால். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மாசாமாசம் கைக்கு வர்ற பணத்தை இப்படிக் குறைச்சு விக்கிறீங்களே, இதுல உங்களுக்கு என்ன நன்மை?"

"இருபது வருஷமா மாசாமாசம் செக் வருதும்மா. நானும் இருபது வருஷமா அதே நாற்காலியிலதான் இருக்கேன்"னு சொன்னேன்.

"உங்களை நம்பி யாராச்சும் இருக்காங்களா?"

சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியாம். பெண்டாட்டி பிள்ளை என்று ஏதாவது சொல்வேன் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தார்.

"பதினோரு வீடு இருக்கும்மா"ன்னு சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஹில்யா, "ஆமாம்மா, என் வீட்டையும் சேர்த்துத்தான்!" என்று கத்திவிட்டாள். காவலர் அதட்டினார். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை. கை வலிக்கிறது.

ரெய்னோ

---

டுலூத்
15 அக்டோபர்

அன்புள்ள ரெய்னோ,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வக்கீலம்மா, "இந்த ஆளையா விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். "அந்த ஆள் வேற, இந்த ஆள் வேற"ன்னேன்.

அறுபத்து நான்கு வயதில் ஒற்றைக் காலோடு லாரி ஏறப்போகிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன், அதனால் எழுதிவிட்டேன். ஏலக்காய் ரொட்டி இரண்டு அனுப்புகிறேன். லாரியில் வைத்துக்கொள்.

உன்
லெம்பி

---

கைவோலா
11 டிசம்பர்

லெம்பி,

ஏரிப் பக்கமிருந்து மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. காலை நான்கு மணிக்கு லாரியில் ஏறினால் பத்துக்கு இறங்குகிறேன், மறுபடி மத்தியானம். பால்காரர் வீட்டு வளைவில் ஒருமுறை பள்ளத்தில் இறங்கிவிட்டேன், டிராக்டர் வைத்து இழுத்தார்கள். ஊரே சிரித்தது, நானும்தான். நேற்று ஹில்யாவின் மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போன கார் என் பின்னாலேயே வந்தது. பெண் குழந்தை. ரொட்டி தீர்ந்துவிட்டது.

ரெய்னோ

---

டுலூத்
23 ஜனவரி 2007

அன்புள்ள ரெய்னோ,

கிறிஸ்துமஸுக்கு எழுதினேன், புத்தாண்டுக்கு எழுதினேன், போன வாரமும் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் பக்கம் ஆறடி பனி என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

ஒரே வீட்டில் இருந்தபோது நீ பதில் பேசாமல் இருந்ததுதான் என்னை வீட்டை விட்டுத் துரத்தியது. இப்போதும் நீ பதில் சொல்வதில்லை. ஆனால் இப்போது நீ நாற்காலியில் இல்லை, லாரியில் இருக்கிறாய்; அதனால் அஞ்சல் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதாதே. தூங்க நேரம் கிடைத்தால் தூங்கு. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் சாலையைக் கடைசி வீடு வரை சுத்தமாகத் தள்ளி வை.

அந்த வழியாகத்தான் நான் வருகிறேன்.

உன்
லெம்பி