இயந்திர ஆய்வுகூடத்தின் இரண்டு கதிரைகள்

அனுப்புநர்:
செல்வி ஞானசவுந்தரி பத்திநாதர்,
இயந்திரவியல் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு,
கரம்பொன், ஊர்காவற்றுறை.

பெறுநர்:
அதிபர் அவர்கள்,
கடற்கரைவீதித் தொழினுட்ப நிறுவகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: செய்முறைப் பரீட்சைக்கு மீண்டும் தோற்ற அனுமதி கோரலும், ஆய்வுகூடத்தில் மாணவியர் நடத்தப்படும் விதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. செய்முறைப் பரீட்சையில் நான் சித்தியெய்தாதபடியால் படவரைஞர் வகுப்புக்கு மாற்றப்பட்டுள்ளதாகத் தங்கள் அறிவித்தலில் கண்டேன். சித்தியெய்தாதது உண்மை. டீசல் எஞ்சினின் மூடியைத் திரும்பப் பூட்டும்போது திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கி முறித்துவிட்டேன். அது ஏன் நடந்தது என்பதைத் தங்களுக்குச் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை.

2. எமது வகுப்பில் பெண்கள் இருவர்: நானும் நாரந்தனை ஊரைச் சேர்ந்த செல்வி பரிமளமும். முதல் நாளே போதனாசிரியர் திரு. தியாகலிங்கம் அவர்கள் இரண்டு கதிரைகளைத் தாமே தூக்கிவந்து யன்னலோரம் போட்டார். "பிள்ளையள், உடுப்பெல்லாம் எண்ணெய் பிரளும். நீங்கள் இருந்து அளவுகளை எழுதுங்கோ, பெடியள் கழட்டட்டும்" என்றார். பெரியவர் ஒருவர் கதிரை தந்தால் மறுத்து நிற்பது எங்கள் தீவில் மரியாதையில்லை. நன்றி சொல்லி இருந்தோம். பிறகு எழும்ப முடியவில்லை. எப்போதாவது எழும்பி ஸ்பானரை எடுத்தாலும், "இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம்" என்று யாராவது வாங்கிவிடுவார்கள்.

3. எஞ்சினின் பாகங்களை நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எந்த இறுக்கம் போதும் என்பது கைக்குத்தான் தெரியவேண்டும். கடற்றொழில் செய்யும் என் தகப்பனாரின் வள்ளத்து எஞ்சினில் பழகலாமா என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்திலை பழகாததை என்ரை எஞ்சினிலை பழகாதை பிள்ளை" என்றுவிட்டார். அவரிலும் பிழையில்லை, அந்த எஞ்சின் ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கலாம்.

4. பரிமளம் பரீட்சைக்கே வரவில்லை. "கதிரையிலை இருக்கிறதுக்கு ஏன் யாழ்ப்பாணம் போவான்? வீட்டிலையும் கதிரை கிடக்குதுதானே" என்று அவரது தாயார் மறித்துவிட்டார். பரிமளம் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நினைக்கத்தான் எனக்குப் பெரிய கவலையாக உள்ளது.

5. போதனாசிரியர் மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. ஆணி முறிந்தபோது அவர் வாசலில் தலைகுனிந்து நின்றதைக் கண்டேன். எங்களை மகள்மார் போலப் பார்த்த நல்ல மனிதர். மாணவராகப் பார்த்திருந்தாலே போதும். இம்மனுவின் பிரதியொன்றை அவருக்கும் கொடுத்துள்ளேன்.

6. ஆகவே, எனது வகுப்பு மாற்றத்தை இரத்துச் செய்து, அடுத்த தவணை முழுவதும் என் கையால் எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகவும், அதன்பின் மீண்டும் பரீட்சைக்குத் தோற்றவும் அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். பரிமளத்தைத் திரும்ப அழைத்துத் தாங்களே இரண்டு வரி எழுதினால் அவரது தாயார் தட்டமாட்டார்.

7. கடைசியாக ஒன்று. புதிய பிள்ளைகள் வருமுன் யன்னலோரத்து இரண்டு கதிரைகளையும் அங்கிருந்து எடுப்பித்துவிடுங்கள், ஐயா. இருக்கச் சொன்னால் அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

தங்கள் மறுமொழிக்காகக் காத்திருக்கும் மாணவி,
ப. ஞானசவுந்தரி

ஊர்காவற்றுறை,
17.09.1984